நாலு பக்கமும் சமம் என்றால் போதாது

மார்லிஸ் ப்ரெபிச் ஏழாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பவள். அப்படிச் சொன்னால் அவளே ஒத்துக்கொள்ள மாட்டாள். "நான் எங்க சொல்லிக்கொடுக்கிறேன்? அதுங்க சொல்றதைக் கெடுக்கிறேன், அவ்வளவுதான்" என்பாள். அதிலும் பாதி உண்மை உண்டு.

மினசோட்டா மாநிலத்தின் வடகோடிச் சுரங்க ஊர்களில் மார்ச் மாதம் ஒரு தண்டனை. பள்ளிக்கூடத்துப் பனி ஹாக்கி முடிந்திருக்கும், ஏரியில் படகை இறக்க இன்னும் நாள் இருக்கும், வாசலில் பனி கறுத்து உப்பும் சேறுமாய்க் கிடக்கும். எந்தப் பிள்ளைக்கும் எதிலும் மனசு ஒட்டாது. அந்த மாதத்தில்தான் மார்லிஸ் வடிவங்களைக் கையிலெடுப்பாள். அடுத்த அறை டீச்சர் திரையில் வரையறையைப் போட்டுக் காட்டுவார், பிள்ளைகள் பார்த்து எழுதிக்கொள்ளும், கண் மூடித் திறப்பதற்குள் வேலை முடிந்துவிடும். மார்லிஸிடம் அந்தக் கதையே கிடையாது. பிள்ளைகள் வாயாலேயே வரவேண்டும்.

"முக்கோணம்னா என்ன?"

"மூணு கோடு, மிஸஸ் பி" என்றான் கன்னர். எதற்கும் முதலில் வாயைத் திறக்கிறவன் அவன்தான்.

மார்லிஸ் பலகையில் மூன்று கோடுகளைத் திசைக்கொன்றாக இழுத்தாள். கீழே கொட்டிய தீக்குச்சிகள் மாதிரி கிடந்தன. "மூணு கோடு. முக்கோணம். சரி, அடுத்ததுக்குப் போவோமா?"

"ஐயோ, இல்ல! மூணும் ஒட்டியிருக்கணும்!"

மூன்றையும் ஒரே புள்ளியில் சேர்த்துக் காக்காய்க் கால் வரைந்தாள். "ஒட்டிடுச்சு."

"அது இல்ல மிஸஸ் பி! முனையோட முனை! உள்ள மூடியிருக்கணும்!"

முனையோடு முனையைச் சேர்த்தாள். ஆனால் ஒவ்வொரு பக்கத்தையும் வயிறு தள்ளிய மாதிரி வளைத்து வைத்தாள். வகுப்பே தலையில் அடித்துக்கொண்டது. "கோடுன்னா நேரா இருக்கணும்னு உங்களுக்கே தெரியாதா?" என்று டீகன் என்ற பெண் கத்தினாள்.

"எனக்கு எதுவும் தெரியாது. உன் மனசுல என்ன இருக்குங்கிறது எனக்கு வேண்டாம். வாயில என்ன வருதோ அதைத்தான் வரைவேன்."

இதுதான் அவளுடைய சட்டம். சொன்ன சொல்லுக்குப் பொருந்துகிற, ஆனால் அந்த வடிவமாக இல்லாத ஒன்றை அவள் வரைந்துவிட்டால் பிள்ளைகள் தோற்றார்கள். வேறு எதையுமே வரைய முடியாமல் அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றால் அவர்கள் ஜெயித்தார்கள். அவள் உதவி செய்யக் கூடாது. குறிப்புக் கொடுக்கக் கூடாது. புரிந்தாலும் புரிந்த மாதிரி காட்டிக்கொள்ளக் கூடாது. நாற்காலியிலும் உட்காருவதில்லை, உட்கார்ந்தால் டீச்சர் விட்டுக்கொடுத்துவிட்டாள் என்று இந்தக் குட்டிப் பிசாசுகளுக்குத் தெரிந்துவிடும்.

கேட்க வேடிக்கையாகத்தான் இருக்கும். ஒரு நாள் முழுக்க, ஒரு வகுப்பு போய் இன்னொரு வகுப்பு வர, புரிந்த விஷயத்தைப் புரியாத மாதிரியே நின்று பாருங்கள், நாக்குத் தள்ளிவிடும். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வண்டியில் ஏறும்போது அவளுக்கு முழங்காலிலிருந்து கழுத்து வரை வலிக்கும். முன்பெல்லாம் வீட்டுக்குப் போய்க் காலை நீட்டினால் சரியாகிவிடும். இப்போது வீட்டில் டுவெய்ன் இருந்தான்.

டுவெய்ன் அவள் புருஷன். சுரங்கத்தில் அந்த ராட்சத லாரிகளைப் பழுது பார்த்தவன். ஓய்வு பெற்ற முதல் வருஷம், மான் வேட்டைக் காலம் தொடங்கிய வாரத்தில், கொட்டகையில் மயங்கி விழுந்தான். மூளையில் ரத்தம் அடைத்துக்கொண்டது. உயிர் பிழைத்தது. வலது கை பாதி வந்தது, கால் முக்கால்வாசி வந்தது. பேர்கள் மட்டும் போய்விட்டன.

பேச்சு போகவில்லை, பேர்கள்தான் போயின. எதிரே இருப்பது கரண்டி என்று தெரியும், எதற்கு என்று தெரியும், யார் வாங்கியது என்றுகூடத் தெரியும். கரண்டி என்ற சொல் மட்டும் வாய்க்கு வராது. "அது... அது... சாப்பிட..." என்று தொடங்கி நெற்றி நரம்பு புடைக்க நிற்பான். கெட்ட வார்த்தைகள் மட்டும் ஒன்றுகூடக் குறையாமல் அப்படியே இருந்தன. சுரங்கத்தில் சேர்த்த சொத்து, அத்தனை லேசில் போகுமா?

பெண்டாட்டியின் பேரும் போனவற்றில் ஒன்று. ஊரில் இரண்டு மார்லிஸ் உண்டு. சர்ச்சில் ஆர்கன் வாசிப்பவளைப் பெரிய மார்லிஸ் என்பார்கள், இவளைக் கணக்கு மார்லிஸ் என்பார்கள். டுவெய்னுக்கு இரண்டுமே வராது. "இவளே" என்பான். கோபம் வந்தால் "ஏய்" என்பான். அவள் அதை வெளியே காட்டிக்கொண்டதில்லை. ஆனால் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதிருக்கிறாள், அது நடந்துதான் இருக்கிறது.

பகலில் அவனைப் பார்த்துக்கொண்டது பக்கத்து வீட்டு வெர்னா. ஈஸ்டருக்குப் பிறகு வெர்னாவுக்கே இடுப்பு ஆபரேஷன். அதற்குப் பிறகு யார்? மார்லிஸ் வேலையை விட முடியாது. இரண்டு பேருக்குமான மருத்துவக் காப்பீடு அந்த வேலையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. டுவெய்ன் பகலில் தனியாக இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் டுலூத்தில் இருக்கும் பராமரிப்பு இல்லத்துக்குப் போக வேண்டும். இடையில் வேறு வழி இல்லை.

தனியாக விடலாமா என்று சொல்ல வேண்டியவள் ஜோலீன். வாரா வாரம் வந்து டுவெய்னுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கிறவள். ஒளித்துப் பேசத் தெரியாதவள்.

"பேர் சொல்ல வேண்டாம் மார்லிஸ். ஆனா வீட்டுல ஏதாவது ஆச்சுன்னா போன் எடுத்து, என்ன ஆச்சு, எங்க இருக்கோம், யாரைக் கூப்பிடணும், இந்த மூணும் எதிர்ல இருக்கிறவங்களுக்குப் புரியணும். முன்னபின்ன தெரியாதவங்களுக்குப் புரியணும். உங்களுக்கு இல்ல. வர்ற மாசம் சோதிச்சுப் பார்க்கிறேன். வரலைன்னா நான் சரின்னு கையெழுத்துப் போட மாட்டேன்."

மகள் க்ரிஸ்டா மினியாபொலிஸிலிருந்து போனில் தினமும் இதையே பேசினாள். "அம்மா, வீம்பு பிடிக்காதம்மா. டுலூத்ல அந்த இடம் நல்லா இருக்கு. ஜன்னலைத் திறந்தா ஏரி."

"உங்கப்பாவுக்கு ஏரியும் வேண்டாம், குளமும் வேண்டாம். அவரோட நாற்காலி வேணும்."

"நாற்காலியையும் தூக்கிட்டுப் போகலாம்மா. நீ உன்னையும் கொஞ்சம் பாரு. உன் குரலே செத்துக் கிடக்கு."

குரல் செத்துத்தான் கிடந்தது. மார்லிஸ் மறுக்கவில்லை. சில சாயங்காலங்களில், அடுப்பில் உருளைக்கிழங்கும் இறைச்சியும் சேர்ந்து வேகிற பாத்திரத்தை வைத்துவிட்டு, டுலூத் போனால்தான் என்ன என்று அவளுக்கே தோன்றியதுண்டு. தோன்றியதும் தன்மேலேயே வெறுப்பு வரும்.

சாப்பாட்டு மேஜையில் நடந்தது இதுதான். டுவெய்ன் "அது... சிவப்பு..." என்று சொல்ல வாயெடுப்பான். அவன் "சி" என்னும்போதே தக்காளி சாஸ் அவன் முன்னால் வந்திருக்கும். "வெளிய... அந்த..." என்பான். "பறவைக்குத் தீனி போட்டாச்சு" என்பாள். "குளிரு..." என்றால் போர்வை. முப்பது வருஷத்துக்கு மேல் கூடவே இருந்தவள், அவன் புருவம் அசைந்தாலே அவளுக்குத் தெரியும். காத்திருங்கள், அவரையே சொல்லவிடுங்கள் என்று முதல் நாளே ஜோலீன் சொல்லியிருந்தாள். மார்லிஸும் சரி சரி என்று தலையாட்டியிருந்தாள். ஆனால் காத்திருக்கத் தெம்பு வேண்டாமா? பகலெல்லாம் புரியாதவளாக நின்றுவிட்டு வருகிறவளுக்கு, வீட்டிலாவது சட்டென்று புரிந்துகொண்டு முடித்துவிட்டால் போதும் என்றிருந்தது. டுவெய்னும் மெள்ள மெள்ள வாக்கியத்தைத் தொடங்குவதோடு நிறுத்திக்கொண்டான். மீதியை அவள் பார்த்துக்கொள்வாள் என்று அவனுக்குத் தெரியும்.

சோதனைக்கு முந்தைய வாரம் வகுப்பில் சதுரம் வந்தது. இரவு டுவெய்னுக்குக் கால் பிடித்துக்கொண்டதால் மார்லிஸ் சரியாகத் தூங்கவில்லை. காபி நெஞ்சைக் கரித்தது. பலகைக்கு முன்னால் நின்றபோது கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது.

"சதுரம்னா என்ன?"

"நாலு பக்கமும் சமம்" என்றான் கன்னர்.

"ஆமா, கரெக்ட்" என்று சொல்லிவிட்டு மார்லிஸ் அழகாக ஒரு சதுரத்தை வரைந்தாள். வரைந்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டன.

"மிஸஸ் பி" என்றாள் டீகன். "அது கரெக்ட் இல்லையே."

"ஏன்?"

"நாலு பக்கமும் சமமா இருந்தாலும் சாய்ஞ்சிருக்கலாம்ல? சாய்சதுரம். நீங்கதான் அதை வரைஞ்சிருக்கணும்!"

கன்னர் எழுந்தே நின்றுவிட்டான். அவன் தப்பாகச் சொன்னதை அவள் ஒத்துக்கொண்டதில் அவனுக்கே கோபம். "நான் சதுரத்தைத்தான் நினைச்சேன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு, அதை அப்படியே வரைஞ்சிட்டீங்க. இது சீட்டிங், மிஸஸ் பி! நாங்க சொல்லவே இல்லையே!"

"எனக்கு உடம்பு சரியில்லடா."

"உடம்பு சரியில்லன்னா அசிங்கமா வரையுங்க. நல்லா வரையாதீங்க!"

வகுப்பு சிரித்தது. மார்லிஸுக்கும் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியிலேயே நின்றது. நாங்க சொல்லவே இல்லையே. சிவப்பு என்று டுவெய்ன் சொன்னதுகூட இல்லை. "சி" என்றான், அவ்வளவுதான். சாஸ் வந்துவிட்டது. அவன் நினைத்ததை எல்லாம் அவளே அழகாக வரைந்து வரைந்து அவன் முன்னால் வைத்துக்கொண்டிருந்தாள். முன்னபின்ன தெரியாதவங்களுக்குப் புரியணும் என்று ஜோலீன் சொன்னாளே, அப்படி ஓர் ஆள் அந்த வீட்டில் இதுவரை இருந்ததே இல்லை.

'அடிப் பாவி' என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். எழுந்து, சதுரத்தை அழித்துவிட்டு, படுகேவலமாகச் சாய்ந்த ஒரு சாய்சதுரத்தை வரைந்தாள். பிள்ளைகள் கை தட்டின.

அன்று சாயங்காலம் டுவெய்ன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். டீவியில் ஏதோ சமையல் நிகழ்ச்சி ஓடியது. அவனுக்கு ஹாக்கி வேண்டும். ரிமோட் புத்தக அலமாரியின் மேல் இருந்தது. அவள் உள்ளே நுழைந்ததும் கையை நீட்டினான்.

"இவளே. அந்த... பட்டன்... கையில..."

ரிமோட் அவள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. மார்லிஸ் அதைத் தாண்டிப் படுக்கையறைக்குப் போனாள். அவனுடைய கட்டம் போட்ட சட்டையை எடுத்துவந்து அவன் மடியில் வைத்தாள். "இந்தா. பட்டன் இருக்கு. கையும் இருக்கு, ரெண்டு."

டுவெய்ன் சட்டையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். அவளுக்கும் தலையில் ஏதோ ஆகிவிட்டது என்று பயந்த மாதிரி இருந்தது அவன் முகம். "இல்ல. இல்ல. டீவி... மாத்த..."

மார்லிஸ் போய் டீவியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். "எங்க மாத்தணும்? ஜன்னல் பக்கமா?"

அப்போது அவன் வாயிலிருந்து சுரங்கமே வந்தது. பதிமூன்று வயசுப் பிள்ளைகள் பேசாத வார்த்தைகள். இடது கையால் திண்டை எடுத்து வீசினான். அது விளக்கில் பட்டது. அப்புறம் அவன் கண் கலங்கியது. கேலி செய்கிறாள் என்று நினைத்துவிட்டான். ஊரே அவனுக்காகப் பாவப்படும்போது இவள் கேலி செய்கிறாள்.

மார்லிஸுக்கு ஓடிப்போய் ரிமோட்டைக் கையில் திணித்துவிட்டு மன்னிப்புக் கேட்கலாம் என்றிருந்தது. கால் வலித்தது. அவள் உட்காரவில்லை. டீவியைப் பிடித்தபடியே நின்றாள்.

"உன் மனசுல என்ன இருக்குன்னு எனக்கு வேண்டாம் டுவெய்ன். வாயில வர்றதைத்தான் கொண்டு வருவேன்."

அவன் வைவதை நிறுத்தினான். இந்த வாசகத்தை அவன் எத்தனை மார்ச் மாதம் கேட்டிருக்கிறான்! காக்காய்க் கால் முக்கோணத்தையும், தொப்பை முக்கோணத்தையும் சாப்பாட்டு மேஜையில் அவள் சொல்லி, அவன் எத்தனை தடவை வயிறு குலுங்கச் சிரித்திருக்கிறான்!

"பிள்ளைங்க..." என்றான் மெதுவாக. "நீ... பிள்ளைங்க... அந்த... விளையாட்டு."

"அதேதான்."

"நான்... பிள்ளை இல்ல."

"இல்லதான். அதுங்க உன்னைவிடச் சீக்கிரம் கத்துக்குது."

அவன் ஒரு கெட்ட வார்த்தையைச் சொன்னான். இந்தத் தடவை அதில் கொஞ்சம் சிரிப்பு இருந்தது. அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு தேடினான். அவள் நின்றாள். சமையல் நிகழ்ச்சியில் யாரோ மாவு பிசைந்து முடித்துவிட்டார்கள்.

"நான்... இங்க உக்காந்து. அமுக்குவேன். அங்க... படம்... வேற படம் வரும்."

மார்லிஸ் யோசித்தாள், நிஜமாகவே யோசித்தாள். அந்த வீட்டில் அதற்குப் பொருந்துகிற வேறு பொருள் எதுவும் இல்லை. கையைக் கட்டிக்கொண்டு, "ஜெயிச்சிட்டே" என்றாள். ரிமோட்டை எடுத்துக் கொடுத்தாள்.

அந்த வாரம் முழுவதும் வீடு ஒரு வழியாயிற்று. சூடான, குடிக்கிற ஒன்றைக் கேட்டவனுக்கு வெந்நீர் வந்தது. "கறுப்பு" என்று சேர்த்தால் ஹாட் சாக்லேட் வந்தது. "காலையில... எல்லாரும்... கசப்பு" என்ற பிறகுதான் காபி வந்தது. செருப்பைக் கேட்டவனுக்குக் காலுறை போனது. ஒவ்வொரு தடவையும் அவன் வைதான், அவள் நின்றாள். இரண்டு பேருக்குமே மூச்சு வாங்கியது. ஒரு நாள் அவள் நின்றபடியே சுவரில் சாய்ந்து கண்ணயர்ந்துவிட்டாள். அவன்தான் "ஏய், விழுவே" என்று எழுப்பினான்.

வெர்னா நடந்ததைப் பார்த்துவிட்டுப் போய் க்ரிஸ்டாவிடம் வத்தி வைத்துவிட்டாள். க்ரிஸ்டா போனில் கத்தினாள். "அம்மா! வியாதிக்காரர் காபி கேட்டா வெந்நீர் கொடுப்பியா? உனக்கு மனசு எப்படிம்மா வருது?"

"வரலைதான்."

"அப்புறம் ஏன் பண்ற?"

"வேற எதுவும் பண்ணத் தெரியலடி எனக்கு. எனக்குத் தெரிஞ்ச வேலை இது ஒண்ணுதான்."

அடுத்த வியாழக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் ஜோலீன் வந்தாள். மார்லிஸை வாகனக் கொட்டகையில் போய் நிற்கச் சொன்னாள். "முகத்தைக்கூடக் காட்டக் கூடாது. நீங்க புருவத்தாலயே சொல்லிக்கொடுத்திடுவீங்க." அப்புறம் அடுப்பின் மேல் சட்டி புகைகிற ஒரு படத்தை டுவெய்னிடம் காட்டினாள். தன் போனை எடுத்துக்கொண்டு கீழ்த்தளத்துக்குப் போனாள். இந்தச் சோதனையில் அவள்தான் அவசர உதவிக்காரி. அவளுக்கு இந்த வீடு தெரியாது, டுவெய்னைத் தெரியாது.

மார்லிஸ் கொட்டகையில் பனிவண்டிக்குப் பக்கத்தில் நின்றாள். வீட்டுக்குள் போகும் கதவு ஒரு விரற்கடை திறந்திருந்தது. டுவெய்ன் எப்போதும் போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவான். ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"அவசர உதவி. என்ன ஆச்சு?"

"சூடு" என்றான் டுவெய்ன். "சூடு. கறுப்பு."

"காபியா சார்?"

கொட்டகையில் மார்லிஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். கடங்காரி, இவளும் வரைகிறாளே!

"குடிக்கிறது இல்ல!" டுவெய்ன் குரலை உயர்த்தினான். "சமைக்கிற... இடம். கறுப்பா... மேல போகுது. கண்ணு எரியுது. மூச்சு... முடியல. வீடு... போயிடும்!"

"புகை வருது, சமையலறையில. புரிஞ்சுது. எங்க இருக்கீங்க?"

"தண்ணி... பெரிய தொட்டி... உசரம். அதுக்குக் கீழ. மஞ்சள் வீடு."

"தண்ணித் தொட்டிக்குக் கீழ மஞ்சள் வீடு ரெண்டு மூணு இருக்கே சார்."

ஒரு கெட்ட வார்த்தை. அப்புறம், "முன்னால... மீன் பிடிக்க... மிதக்கிறது. நீலத் துணி போட்டு மூடி."

"படகு. சரி, வந்துட்டிருக்காங்க. யாரைக் கூப்பிடணும்?"

மார்லிஸ் காத்திருந்தாள். கை விரல்கள் குளிரில் மரத்துவிட்டன. மற்றதெல்லாம் வந்தது, இது மட்டும் வராது, இது ஒருநாளும் வராது என்று அவளுக்குத் தெரியும். அந்த மூன்றில் ஒன்று விட்டுப்போனாலும் ஜோலீன் கையெழுத்துப் போட மாட்டாள்.

"பொண்டாட்டி" என்றான் டுவெய்ன்.

"அவங்க பேர் என்ன?"

அவன் முயன்றான். "ம்" என்று ஒரு சத்தம் வந்தது. இன்னொரு தடவை வந்தது. அவன் மேஜையைக் குத்துகிற ஓசை கேட்டது. 'சொல்லிடு, சொல்லிடுடா ராஜா' என்று மார்லிஸ் கதவைப் பார்த்து உதட்டை மட்டும் அசைத்தாள்.

"பேர் வரல" என்றான். "பள்ளிக்கூடம். அங்க."

"பள்ளிக்கூடத்துல நிறையப் பேர் இருக்காங்களே."

"கணக்கு."

"கணக்கு டீச்சரும் ஒண்ணுக்கு மேல இருப்பாங்களே சார்."

வீட்டுக்குள் குளிர்பெட்டி உறுமி அடங்கியது. பிறகு டுவெய்ன் பேசினான். கோபமில்லாமல், ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துப் பேசினான்.

"கேட்டதைக் கொண்டு வர மாட்டா. வேற... தப்பானதைக் கொண்டு வருவா. வேணும்னே. நான் வைவேன். அவளுக்குக் கால் வலிக்கும். உக்கார மாட்டா. நான் சரியா... சொல்ற வரைக்கும்... நிப்பா."

கீழ்த்தளத்திலிருந்து ஜோலீன் சொன்னாள், குரல் கொஞ்சம் மாறியிருந்தது: "பள்ளிக்கூடத்துக்குப் போன் பண்ணி அப்படியே சொல்றேன் சார். எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் யாருன்னு காட்டிடும்."

மார்லிஸ் பனிவண்டியின் மேல் உட்கார்ந்துவிட்டாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து மூக்கு ஒழுகியது. துடைக்க அங்கே எண்ணெய்த் துணிதான் இருந்தது. மனசுக்குள் பழக்கம் விடவில்லை. அவன் சொன்னதற்குப் பொருந்துகிற வேறு ஒருத்தியைத் தேடிப் பார்த்தாள். அடுத்த அறை டீச்சர் இல்லை. க்ரிஸ்டா இல்லை. யாரும் இல்லை.

ஜோலீன் கையெழுத்துப் போட்டாள். இலையுதிர் காலத்தில் மறுபடி வந்து பார்ப்பேன், அடுப்பைத் தொடக் கூடாது, படிக்கட்டில் கைப்பிடி போட வேண்டும் என்று ஆயிரம் நிபந்தனை சொல்லிவிட்டுப் போனாள். க்ரிஸ்டாவிடம் சொன்னபோது அவள் "சரிம்மா. நீ தூங்கு" என்றாள். டுலூத் போகவில்லை. அதற்குக் கிடைத்த பரிசு, இன்னும் பல வருஷத்து ஏழாம் வகுப்பு, இன்னும் பல சாயங்காலத்து நிற்றல். நினைத்தாலே மார்லிஸுக்கு எலும்பு வலித்தது. சந்தோஷப்படக்கூட உடம்பில் தெம்பில்லை.

சாப்பாட்டு மேஜையில் இருவரும் உட்கார்ந்தார்கள். உருளைக்கிழங்கும் இறைச்சியும் வெந்த பாத்திரம் நடுவில் இருந்தது. யாரும் எடுக்கவில்லை. இவ்வளவு நாள் கேட்காததை அவள் அன்று கேட்டுவிட்டாள்.

"எல்லாம் வந்துச்சு. என் பேர் மட்டும் வரல இல்ல, டுவெய்ன்?"

அவன் அவளைப் பார்த்தான். முயலவில்லை. இடது கையை மேஜைமேல் நீட்டி, அவள் புறங்கையில் வைத்தான்.

"பேரு..." என்றான். "நம்ம சர்ச்லயே... ரெண்டு பேருக்கு இருக்கு."

பிள்ளைகளின் தாள்கள் பையில் கிடந்தன. அவற்றைத் திருத்த வேண்டும். நாளைக்குச் சரிவகம். அவள் எழுந்திருக்கவில்லை.

"அது..." என்று பாத்திரத்தைக் காட்டினான் டுவெய்ன். "போடு. அதுதான். வேற எதையும் கொண்டு வந்திடாதே, கும்பிடறேன். பசிக்குது."

அவள் போட்டாள்.